நடுக்கம் நின்ற பின்னும் நிற்காத வேட்கை

கருவுற்றிருந்த காலம் முழுவதும் ஹெராயின் எடுத்துக்கொண்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தை, பிறந்து ஓரிரு நாளிலேயே கீச்சுக் குரலில் ஓயாமல் அழத் தொடங்கும். கைகால் நடுங்கும். அடிக்கடி தும்மும், கொட்டாவி விடும். பாலுக்குத் தவித்தாலும் ஒழுங்காக உறிஞ்ச முடியாது. தொப்புள்கொடி வழியே வந்துகொண்டிருந்த மருந்து சட்டென்று நின்றுபோனதன் விளைவு இது. மருத்துவர்கள் ஹெராயின் இனத்தைச் சேர்ந்த மார்பின் என்ற மருந்தை மிகச் சிறிய அளவில் கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைத்து, சில வாரங்களில் குழந்தையைத் தேற்றிவிடுகிறார்கள். இந்தக் குழந்தையைப் ‘போதைக்கு அடிமை’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஹெராயின் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது, தேடவும் தெரியாது. அதன் உடல் அந்தப் பொருளைச் சார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது கொகெய்ன். அதை நிறுத்தியவருக்கு வலிப்போ வாந்தியோ வருவதில்லை. சில நாள் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார், பசி அதிகமாக இருக்கும், மனம் சோர்ந்து கிடக்கும். உடலில் பெரிதாக எதுவும் தென்படவில்லை என்ற காரணத்தால்தான் 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் கொகெய்னை அவ்வளவு ஆபத்தில்லாத பொருளாகக் கருதினார்கள். 1980களின் நடுவில் அதன் புகைக்கும் வடிவமான கிராக் நகரங்களில் பரவியபோது, வீட்டை விற்றும் வேலையை விட்டும் அதன் பின்னால் போனவர்களைக் கண்ட பிறகே அந்தக் கருத்து மாறியது.

இந்த இரண்டையும் பழைய மருத்துவ நூல்கள் உடற்சார்பு, உளச்சார்பு என்று பிரித்தன. பிரிவினை தேவையானதுதான். ஆனால் ‘உடல்’, ‘உளம்’ என்ற சொற்கள், முன்னது நோய், பின்னது மன உறுதி இல்லாமை என்ற எண்ணத்தைப் படிப்பவர் மனத்தில் ஏற்றிவிடுகின்றன. உண்மையில் இரண்டுமே பெரும்பாலும் மூளையில் நடப்பவை. நடக்கும் இடங்கள்தாம் வேறு.

முதலில் உடற்சார்பு. இதைப் புரிந்துகொள்ள ஹெராயின் வரை போக வேண்டியதில்லை, நம் வீட்டு ஃபில்டர் காபியே போதும். நாளுக்கு மூன்று நான்கு டம்ளர் குடித்துப் பழகியவர் ஏகாதசி விரதத்துக்காகக் காபியையும் விட்டால், அன்று மாலைக்குள் தலை விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கும். பலர் இதைப் பசித் தலைவலி என்று நினைக்கிறார்கள். தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளைச் செல்களில் போய் உட்காரும் ஏற்பிகளைக் காபியிலுள்ள கஃபீன் அடைத்துவைக்கிறது. மூளையோ அதை ஈடுகட்டக் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. காபி வராத நாளில் அடினோசின் அத்தனை ஏற்பிகளிலும் ஏறி உட்கார, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து தலை வலிக்கிறது. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு படபடப்பதும் அழுத்தம் முன்னைவிட எகிறுவதும் இதே வகைதான். அந்த மாத்திரைக்காக யாரும் நகையை அடகு வைத்ததில்லை.

ஹெராயினில் இதே நிகழ்வு பல மடங்கு கடுமையாக நடக்கிறது. மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்றொரு சிறு செல் கூட்டம் உண்டு. அந்த லத்தீன் பெயருக்கு நீலப்புள்ளி என்று பொருள். நம்மை விழிப்பாகவும் எச்சரிக்கையாகவும் வைத்திருக்கும் நார்அட்ரினலினை மூளைக்குப் பெருமளவு வழங்குவது இதுதான். ஹெராயின் இந்தச் செல்களை அமுக்கிவைக்கும்போது, அவை தங்களுக்குள் இருக்கும் வேதி இயந்திரத்தை முடுக்கிவிட்டு, அமுக்கத்தையும் மீறிப் பழைய வேகத்தில் இயங்கப் பழகிக்கொள்கின்றன. முன்பு போதுமானதாக இருந்த அளவு பின்னர் போதாமல் போவது இதனால்தான். பிறகு ஒருநாள் ஹெராயின் நின்றதும், கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி திடீரென்று கயிற்றை விட்டால் இந்த அணி மொத்தமாக மல்லாக்க விழுவதுபோல, அந்தச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பாய்கின்றன. அதனால்தான் நிறுத்திய பின் வரும் தொல்லைகளான விலகல் அறிகுறிகள் மருந்தின் விளைவுகளைத் தலைகீழாகத் திருப்பியவை போல இருக்கின்றன. சுருங்கியிருந்த கண்மணி விரியும், மலச்சிக்கல் பேதியாகும், மரத்துப்போயிருந்த உடம்பு எலும்பெல்லாம் வலிக்கும். கடைசியாக எடுத்து எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் மூக்கொழுகலும் மயிர்க்கூச்சமுமாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நீலப்புள்ளியை அமைதிப்படுத்தும் குளோனிடின் என்ற பழைய இரத்த அழுத்த மாத்திரை இந்த வேதனையைக் கணிசமாகக் குறைக்கிறது.

மதுவின் உடற்சார்பு இதைவிடக் கொடியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மது, மூளையைத் தணிக்கும் காபா அமைப்பைத் தூண்டி, கிளர்த்தும் குளுட்டமேட் அமைப்பை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தவரின் மூளை அதற்கேற்ப எதிர்த்திசையில் சாய்ந்து நிற்கிறது. காலையில் எழுந்ததும் தேநீர்க் குவளையை இரு கையாலும் பிடித்தும் பாதி சிந்துகிறவர், ஒரு கட்டிங் உள்ளே போனதும் கை நின்று அமைதியாவதை எத்தனையோ குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. அவரை ஒரு நாள் அறையில் பூட்டிவைத்துத் திருத்திவிடலாம் என்று உறவினர்கள் முனையும்போது, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு முதல் நான்கு நாளுக்குள் இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரியும் பிதற்றல் நிலை வந்து, சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்தியவர் செத்துவிடுவேன் என்று கதறுவார், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மது விஷயத்தில் அந்த உறுதியைத் தர முடியாது.

இனி உளச்சார்பு. மொன்றியால் நகரின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போசார்த், வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த விவாதத்தையே திருப்பிப்போட்டது. எலிகளின் மூளையில் நுண்குழாய் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் துளி மார்பின் உள்ளே இறங்கும்படி செய்தார்கள். டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குடியிருக்கும் நடுமூளைப் பகுதியில் குழாய் முடிந்த எலிகள் நெம்புகோலைத் திரும்பத் திரும்ப அழுத்தின. ஆனால் மார்பினின் செயலை முறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது அவற்றிடம் விலகல் அறிகுறி காணப்படவில்லை. அருகிலேயே வேறொரு பகுதியில் குழாய் முடிந்த எலிகள் நெம்புகோலைச் சட்டை செய்யவில்லை. ஆனால் அங்கே தொடர்ந்து மார்பின் செலுத்திவிட்டு முறிமருந்தைக் கொடுத்தபோது பல் கிடுகிடுத்து, உடம்பை உதறித் தவித்தன. வேண்டும் என்ற உந்துதலும், இல்லாவிட்டால் வரும் வேதனையும் ஒரே மருந்தால், ஆனால் மூளையின் வெவ்வேறு இடங்களில் விளைகின்றன. வேதனைக்குப் பயந்துதான் மனிதர்கள் போதையை விடாமல் இருக்கிறார்கள் என்ற நெடுநாள் நம்பிக்கை அதன்பின் தனித்து நிற்க முடியவில்லை.

டோபமினை ‘இன்ப வேதிப்பொருள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குரங்குகளின் டோபமின் செல்களை அளந்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டது சுவாரசியமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது துடித்த செல்கள், சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், சாற்றுக்குத் துடிப்பதை விட்டுவிட்டு விளக்குக்குத் துடித்தன. டோபமின் கற்றுத்தருவது முன்னறிவிப்பை. போதைப்பொருளோ டோபமினை இயற்கையான எந்த வெகுமதியையும் விஞ்சும் அளவில் பெருக்குவதால், அதனோடு சேர்ந்து வந்த எல்லாமே, அதாவது அந்தத் தெருமுனை, அந்த நண்பனின் குரல், சம்பள நாளின் மாலை ஆறு மணி எல்லாம், எரியும் விளக்குகளாகிவிடுகின்றன. கொகெய்னுக்கு அடிமையானவர்களுக்கு அதன் தொடர்பான படங்களை 33 மில்லி நொடி மட்டுமே, பார்த்ததாகவே அவர்கள் உணராத வேகத்தில் காட்டியபோதும் அவர்களின் மூளையில் வேட்கைப் பகுதிகள் கிளர்ந்ததை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நினைவுக்கு எட்டாத ஒன்றை மன உறுதி எப்படித் தடுக்கும்?

இந்தக் கற்றல் உடலையும் விடுவதில்லை. அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் போதை நோயாளிகளுக்கென இருந்த மருத்துவமனையில் பணியாற்றிய ஆப்ரகாம் விக்லர், மருந்தை விட்டுப் பல மாதமான நோயாளிகள் குழுவாக உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசும்போது, அவர்களுக்குக் கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுகலும் வருவதைக் கவனித்தார். உடம்பில் ஒரு துளி மருந்து இல்லாதபோதும் விலகல் அறிகுறி, வெறும் பேச்சால்!

1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய்ப் பேட்டி கண்டார். ஐவரில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கியவர்களைச் சில நாள் தடுத்துவைத்து, உடலைத் தெளிவித்தே விமானம் ஏற்றினார்கள். ஊர் திரும்பிய முதல் ஓராண்டில் அந்த அடிமைகளில் சுமார் 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையானார்கள். மூன்று ஆண்டில் அது 12 விழுக்காடு. அதே உடல் தெளிவிப்பு முடிந்து லெக்சிங்டனிலிருந்து சொந்தத் தெருவுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் மறுபடி விழுந்தார்கள். போர், பயம், சலிப்பு, கைக்கெட்டும் தூரத்தில் மலிவு ஹெராயின் என்ற சூழல் முழுவதையும் வீரர்கள் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்பது வேறுபாட்டின் பெரும்பகுதி.

நம் ஊரில் கார்த்திகை மாதத்தில் மாலை போட்டுக்கொள்கிற குடிகாரரை நினைத்துப் பார்க்கலாம். 41 நாள் விரதத்தில் அவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை. நடுக்கமும் வியர்வையும் முதல் வாரத்தோடு முடிந்துவிட்டன. அவர் உடல் மதுவைச் சார்ந்திருக்கவில்லை. கறுப்பு வேட்டி, அதிகாலைக் குளியல், மாலை நேரப் பஜனை, தெருவே ‘சாமி’ என்று அழைக்கும் அழைப்பு என அந்நாட்களில் அவருடைய பழைய விளக்குகள் அணைந்துகிடக்கின்றன. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம், பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அதே தெருமுனைக்கு, அதே நண்பர்களிடம் அவர் போகிறார். மணி ஆறாகிறது.