இரண்டு மணி நேரமும் ஓர் அனுமதியும்

ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது படக்‌ஷான் மாகாணம். அங்கே ராக் என்ற மலை மாவட்டத்தில் 2002-ல் பிரசவ மரணங்களைக் கணக்கெடுத்தார்கள். ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 6,507 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். அதாவது ஏறக்குறைய 15 பிரசவத்துக்கு ஒரு தாய். உலகில் அதுவரை எங்குமே அப்படி ஓர் எண்ணிக்கை பதிவானதில்லை. அதே ஆய்வில் காபூலின் கணக்கு 418.

பெரும்பாலான மரணங்களுக்கு இரண்டு காரணங்கள்: குழந்தை வெளியே வர முடியாமல் சிக்கிக்கொள்வது, பிறந்தபின் உதிரம் நிற்காமல் போவது. இரண்டாவதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்து இரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது கருப்பையின் தசைதான். தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்க, குழாய்கள் அந்தப் பின்னலுக்குள் புகுந்து போகின்றன. தசை சுருங்கினால், சுருக்குப்பையின் வாயை இழுத்ததுபோல எல்லாம் இறுகிவிடும். தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தால் கருப்பை கிரிக்கெட் பந்துபோலக் கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். பிசைந்த மாவுபோல இருந்தால் ஆபத்து. அப்படியே விட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும்.

தசை ஏன் தளர்கிறது? பிரசவ வலி மணிக்கணக்கில் நீண்டால் அது களைத்துவிடும். பலமுறை பெற்றவர்களுக்கும் தளரும் ஆபத்து உண்டு. இங்கேதான் குடும்பம் உள்ளே வருகிறது. ஆப்கானிஸ்தானின் பெரிய இனமான பஷ்தூன்களிடம் பெண்ணுக்காக மாப்பிள்ளை வீட்டார் தரும் பணத்துக்கு வல்வர் என்று பெயர். வறுமையும் கடனும் நெருக்கும் வீட்டில் அந்தப் பணத்துக்காகவே இடுப்பெலும்பு முழுதாக வளராத சிறுமியைக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். குறுகிய இடுப்பில் குழந்தை சிக்கினால் வலி நீளும். அப்புறம் ஆண் குழந்தை வேண்டும் என்று பிரசவத்துக்கு மேல் பிரசவம். ஏற்கெனவே இரத்தசோகை இருந்தால் கொஞ்சம் உதிரம் போனாலே உடம்பு தாங்காது.

சரி, உதிரம் கொட்டத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று அவள் முடிவெடுக்க முடியாது. மாமியார் சொல்ல வேண்டும், கணவன் சம்மதிக்க வேண்டும். அவன் வெளியூரில் இருந்தால் கூடப் போக வேறொரு மஹ்ரம், அதாவது நெருங்கிய ஆண் உறவினர், வேண்டும். அங்கே ஆண் மருத்துவர்தான் என்றால் மறுபடி தயக்கம். அதற்கும் பிறகுதான் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது. அந்த இரண்டு மணி நேரம் வீட்டு வாசலிலேயே கரைந்துவிடுகிறது. எனக்கு இதில் ஆறவே ஆறாதது இந்த இடம்தான்.

இதற்கு ஆப்கானியர்களே நல்ல வழி கண்டார்கள். 2002-ல் நாடு முழுக்க 467 மருத்துவச்சிகள்தான் இருந்தார்கள். கிராமத்துப் பெண்ணையே, குடும்பத்தின் சம்மதத்தோடு தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வருவதற்கு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சில மாவட்டங்களில், கருப்பையைச் சுருங்கவைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கர்ப்பிணிகளின் கையிலேயே முன்கூட்டிக் கொடுத்தும் பார்த்தார்கள். அதைக் குளிரில் வைக்க வேண்டாம், ஊசியும் வேண்டாம். பல ஆயிரம் மருத்துவச்சிகள் உருவானார்கள், மரணங்களும் வெகுவாகக் குறைந்தன.

2024 டிசம்பரில் தாலிபான் அரசு பெண்களுக்கான மருத்துவப் பயிற்சி வகுப்புகளை மூடியது. மருத்துவச்சிப் படிப்பில் இருந்தவர்கள் பாதியிலேயே வீடு திரும்பினார்கள்.