சேலை முந்தியால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

முக்கூடலிலிருந்து ஒரு ஆச்சி தன் 7 வயதுப் பேத்தியை என்னிடம் கண் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்த நடமாடும் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த சீட்டு, சுருக்குப்பையில் நாலாக மடிந்து கிடந்தது. அதை நீட்டும்போதே, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல சார். பீடி சுத்தையில நூல் எங்க விழுந்தாலும் இவதான் எடுத்துத் தாரா" என்றார்.

ஆச்சி சொன்னது பொய்யில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது பிள்ளை எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தாள். வலக்கண்ணை மூடச் சொன்னேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். என் உள்ளங்கையால் நன்றாக மூடினேன். உச்சியில் இருக்கும் ஒற்றைப் பெரிய எழுத்தை மட்டும் சொன்னாள்.

"அதுக்குக் கீழ உள்ளதெல்லாம்?"

"கீழ ஒண்ணும் இல்லையே சார்."

தெரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றாள். வீட்டிலும் வகுப்பிலும் அவள் ஒரு குறையும் சொல்லாததற்கு இதுதான் காரணம். வலக்கண் நன்றாகப் பார்க்கிறது. அதை வைத்தே எல்லாக் காரியமும் நடந்துவிடுகிறது. கிட்டப்பார்வைப் பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்கும், கண்ணை இடுக்கும், போர்டைப் பார்த்துத் தப்பாக எழுதி அடிவாங்கும், எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றைக்கண் குறை அப்படிக் காட்டிக்கொடுக்காது.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் இடக்கண்ணில் பிளஸ் நாலரை பவர், அதாவது தூரப்பார்வை. சிறு பிள்ளைகளின் கண் தானே முக்கி முக்கிப் பவரை மறைத்துவிடும். அதனால்தான் மருந்து விடாமல் பார்த்த கணக்கை நாங்கள் நம்புவதில்லை. 5 வயதுக்குக் கீழே என்றால் பல நேரம் 3 நாள் அட்ரோபின் களிம்பு போட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் பக்கத்தில் உள்ளது மங்கும், வெயில் கூசும். கண் போய்விட்டது என்று சண்டைக்கு வராதீர்கள். முகம் சிவந்து காய்ச்சல் அடித்தால் மட்டும் களிம்பை நிறுத்திவிட்டு உடனே தெரிவியுங்கள்.

இந்த ஒற்றைக்கண் குறையைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. கண் சோம்பவில்லை, மங்கலான படத்தையே வருஷக்கணக்கில் வாங்கிய மூளை, அந்தக் கண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் திருப்புவது எளிது. அதற்குமேல் வரும் பிள்ளையையும் கைவிடுவதில்லை, ஆனால் மெனக்கெடல் அதிகம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 3 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் சேலை முந்தியால் ஒரு கண்ணை மூடி, தெருமுனைக் கடைப் பலகையில் என்ன படம் என்று கேளுங்கள். பிறகு மற்றக் கண். கைக்குழந்தையென்றால் விளையாட்டுப்போல ஒரு கண்ணை மறையுங்கள். ஒரு பக்கம் மூடினால் சும்மா இருந்து, மறுபக்கம் மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், அது அழுது காப்பாற்றுவது நல்ல கண்ணை. இது பரிசோதனைக்கு ஈடாகாது. பள்ளியில் சேர்க்குமுன் ஒரு தடவையும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் காட்டிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில், நம் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி உட்பட, இதற்குக் காசு கிடையாது.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. கருவிழி நடுவில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னினாலோ அன்றைக்கே கிளம்புங்கள். கண்ணுக்குள் புற்றுக்கட்டியாக இருக்கலாம். 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். பிள்ளையைக் கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்பேன்.

ஆச்சிக்கு வேறு கவலை. "பொம்பளப் பிள்ள, இப்பவே கண்ணாடி மாட்டினா பவர் கூடிக்கிட்டேல்லா போவும்?" போகாது. கண்ணாடி பவரைக் கூட்டுவதில்லை. கிட்டப்பார்வைக்கான மைனஸ் பவர் ஏறுவது கண் நீளமாக வளர்வதால். பிளஸ் பவர் வளர வளரக் குறையவும் செய்யும்.

கண்ணாடி கொடுத்து, இடக்கண்ணுக்கு வேலை கொடுக்க, நன்றாகப் பார்க்கும் வலக்கண்ணில் தினம் 2 மணி நேரம் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போடச் சொன்னார் டாக்டர். ஒரு மாதம் கழித்து வந்தார்கள். பார்வையில் அசைவே இல்லை. எந்தக் கண்ணில் ஒட்டுகிறீர்கள் என்று கேட்டேன். "நோய் உள்ள கண்ணுலதான்" என்றார் ஆச்சி. மருந்தைப் புண்ணில்தானே போடுவோம்! தப்பு எங்களுடையது. அதனால் கண்ணாடியின் வலப்பக்கக் கொம்பில் சிவப்பு நூல் கட்டி அனுப்பினேன்: நூல் உள்ள பக்கம் ஒட்டு.

ஆறு மாதத்தில் பிள்ளை தானாகவே வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நாலாவது வரியில் திக்கினாள், ஆனால் வாசித்தாள். ஆச்சியின் புகார் இப்போது வேறு: பிளாஸ்டரை உரிக்கும்போது புருவ முடியும் சேர்ந்து வருகிறதாம். ஓரத்தில் தேங்காயெண்ணெய் தொட்டு, வெளிப்பக்கமிருந்து மூக்கைப் பார்க்க மெதுவாக உரிக்கச் சொல்லியிருக்கிறேன்.