58 அதிர்வுகள், 53 கொமாக்கள்

ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் ‘இரவு முழுதும் விழித்திருக்கும் வழிபாடு’ என்ற பாடகர் குழு இசையை நான் முதன்முதலில் கேட்டது கைபேசியில். அதன் ஐந்தாம் பகுதி முடியும்போது ஆண்களின் அடிக்குரல்கள் படிப்படியாகக் கீழே இறங்கி, நொடிக்கு ஏறத்தாழ 58 அதிர்வுகள் கொண்ட ஒரு சுரத்தில் போய் நிற்கும். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்பவே முடியாது. ஆனாலும் எனக்கு அந்தச் சுரம் கேட்டது. எப்படி என்ற கேள்விதான் என்னை இந்த இசைக்குள் இழுத்தது.

1915-இல் மாஸ்கோவின் சினோதல் பாடகர் குழு இதை அரங்கேற்றியது. நடத்துநர் தனீலின், இவ்வளவு கீழே பாட ஆட்களுக்கு எங்கே போவது என்று தலையை ஆட்டியதை ரக்மானினோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆட்கள் கிடைத்தார்கள். வழக்கமான அடிக்குரலுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பாடுகிறவர்களுக்கு ரஷ்யாவில் ‘ஆக்டவிஸ்ட்’ என்றே தனிப் பெயர் உண்டு. ரஷ்யத் திருச்சபை வழிபாட்டில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. மேற்கு ஐரோப்பியத் தேவாலயங்களில் ஆர்கனின் பெரிய குழாய்கள் சுமக்கும் அடித்தளத்தை இங்கே மனிதத் தொண்டைதான் சுமந்தாக வேண்டும். இந்தக் குரல்கள் அங்கே இவ்வளவு போற்றப்பட்டதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சாதாரணமாகப் பேசும் ஆணின் குரல் நாண்கள் நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேலே திறந்து மூடுகின்றன. ஆக்டவிஸ்டுக்கு அது பாதியாகக் குறைய வேண்டும். நாண்கள் நீளமாகவும் தடிப்பாகவும் அமைந்திருக்க வேண்டும். பாடும்போது தளர்ந்தும் இருக்க வேண்டும். இங்கே முயற்சிதான் எதிரி. சத்தத்தைக் கூட்ட மூச்சை அழுத்தித் தள்ளினால் சுரம் மேலே ஏறிவிடும். அதனால் இந்தக் குரல் மெல்லத்தான் வரும். போதாக்குறைக்கு, நம் காதும் தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது.

பிறகு எப்படிக் கேட்கிறது? எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண் அல்ல. 58-ஐப் பாடுகிறவரின் தொண்டையிலிருந்து 116, 175, 233, 291, 350 என்று அதன் மடங்குகளும் மேற்சுரங்களாக வெளிவருகின்றன. கைபேசி எனக்குத் தந்தது இவற்றை மட்டுமே. இவற்றுக்கிடையே உள்ள சீரான இடைவெளியிலிருந்து, காதும் மூளையும் சேர்ந்து அங்கே இல்லாத 58-ஐத் தாமே ஊகித்துக்கொள்கின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 58-ஐயும் அந்த மடங்குகளையும் நம் சுரங்களாக எழுதினால் ச, ச, ப, ச, க, ப என்று வரும். தம்பூராவின் மந்தரத் தந்தியில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பது இதனால்தான். எனவே மேலே மற்ற குரல்கள் ச, க, ப என்று சேர்ந்து நிற்கும்போது, ஆக்டவிஸ்டின் மேற்சுரங்கள் அவர்களுடைய சுரங்களின் மேலேயே வந்து விழுகின்றன. அவரைத் தனியாகப் பிரித்துக் கேட்பது கடினம். அவர் நிறுத்தினால், குழு முழுவதும் மெலிந்துவிட்டது போலிருக்கும்.

ரஷ்யாவும் தொடக்கத்தில் ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து பாடிய நாடுதான். குரல்களை வெவ்வேறு சுரங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை 17-ஆம் நூற்றாண்டில் உக்ரைன் வழியாக வந்து சேர்ந்தது. துருக்கியின் செவ்வியல் இசையோ அந்த அடுக்கைத் தேடவில்லை. அங்கே பாடகர் குழு முழுவதும் ஒரே மெட்டைப் பாடுகிறது. ஆண்கள் பெண்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே, அவ்வளவுதான். முதலில் கேட்டபோது இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

துருக்கிய இசைக் கோட்பாடு ஒரு ஸ்தாயியை ‘கொமா’ எனப்படும் 53 நுண்ணிய படிகளாகப் பிரிக்கிறது. ஒரு முழுச்சுர இடைவெளி 9 கொமா. பியானோவில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே நாலரைக்கும் சற்றுக் குறைவு. ‘மகாம்’ என்பது, ஏறத்தாழ நம் ராகம் போல, இந்த நுண்ணிய அளவுகளால் ஆனது. கானூன் என்ற தந்திக் கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் சின்னஞ்சிறு நெம்புகோல்கள் இருக்கின்றன. வாசித்துக்கொண்டே அவற்றைத் தூக்கியும் இறக்கியும் சுரத்தை ஓரிரு கொமா நகர்த்துவார்கள். பாடகருக்கு நெம்புகோல் கிடையாது. 440 அதிர்வில் இருவர் ஒரு கொமா விலகிப் பாடினால், ஒலி நொடிக்கு ஏறத்தாழ ஆறு முறை பெருகித் தணியும் விம்மல்கள் எழும். ஒரு குழுவே அந்த அளவில் ஒன்றுபட்டு நிற்பது எவ்வளவு பெரிய பயிற்சி!

முன்பு இந்த இசையைப் பாடியவை சிறு குழுக்கள். 1934-இல் துருக்கிய வானொலியில் இதற்குத் தடையே விதிக்கப்பட்டது; இரண்டு ஆண்டுகளுக்குள் அது விலகியது. அதன் பின் அங்காரா வானொலியில், பெர்லினில் செல்லோ பயின்ற மெசுத் ஜெமில், பெரிய குழுவை ஒரே குரலாகப் பாடவைக்கும் முறையை நிலைநிறுத்தினார். 1975-இல் இஸ்தான்புல்லில் நெவ்ஸாத் அத்லிக் தலைமையில் அரசுப் பாடகர் குழு அமைந்தது.

இந்த மெட்டுகளின் மேல் ரஷ்யர்களைப் போல அடுக்கு கட்ட முடியாதா? உஷ்ஷாக் மகாமின் இரண்டாம் சுரமான செகாஹ், மெட்டு ஏறும்போது சற்று உயரும், இறங்கும்போது தாழும். அடுக்குக்கு அசையாத சுரம் வேண்டும். அசைந்தால் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதி விம்மும். கெமால் இலெரிஜி என்ற இசை அறிஞர் இதற்கு ஒரு வழி கண்டார். மகாமில் அசையாத எலும்புக்கூடு ச-ம இடைவெளி, அதாவது 22 கொமா. ச-க-ப என்று அடுக்குவதை விட்டுவிட்டு, அந்த இடைவெளியையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கேட்பதற்குக் கல்லில் செதுக்கியது போன்ற ஒலி. எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் துருக்கியின் பல்குரல் குழுக்கள் பெரும்பாலும் பியானோவின் 12 சுரங்களில்தான் பாடுகின்றன. அங்கே செகாஹ் ஏதாவதொரு கட்டையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது, கட்டைக்கும் உண்மையான செகாஹுக்கும் இடையே விடுபட்ட அந்த ஓரிரு கொமாவுக்காக என் காது காத்திருக்கிறது.