நுரைக்கு மேல் நிற்கும் வாயு: சிறு ஏல் ஆலைகளில் வேலை செய்வோர் கவனத்துக்கு

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய தானியக் களஞ்சியங்களிலும் மாட்டுக்கொட்டகைகளிலும் ஏல் என்னும் மரபான பீரைத் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்கு ‘ஐந்து பீப்பாய்’ என்பது பரவலான அளவு. அங்கே ஒரு பீப்பாய் என்பது 36 காலன், அதாவது 163.7 லிட்டர். ஆக ஒரு காய்ச்சலுக்கு, அதாவது ஒரு தடவை பீர் காய்ச்சுவதற்கு, சுமார் 820 லிட்டர். ஏறக்குறைய 120 கிலோ மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லியை) 65 முதல் 67 டிகிரி வரையுள்ள சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப் பூ போட்டுக் கொதிக்கவிட்டு, 18 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட் கலந்தால் நாலைந்து நாளில் 4% ஆல்கஹால் கொண்ட ‘பிட்டர்’ என்னும் கசப்பு ஏல் தயார்.

அந்த நாலைந்து நாளில் அது நொதிக்கும் தொட்டியிலிருந்து சுமார் 25 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ பாதி ஆல்கஹாலாகும், பாதி வாயுவாகும். அதிலிருந்து வரும் கணக்குத்தான் இது. 25 கிலோ என்றால் 13 கன மீட்டருக்கு மேல். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள அறையில் அவ்வளவும் கலையாமல் தரையில் தேங்கினால் முழங்காலைத் தாண்டி நிற்கும். ஒரு தொட்டிக்கே இந்தக் கணக்கு. பெரும்பாலான ஆலைகளில் இரண்டு மூன்று தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நொதித்துக்கொண்டிருக்கும்.

லாகர் பீர் செய்யும் மூடிய எஃகுத் தொட்டியில் வாயுவைக் குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே விட்டுவிடலாம். மரபான ஏல் திறந்த தொட்டியில் நொதிக்கிறது. ஈஸ்ட் மேலே திரண்டு, காலிஃபிளவர் போலப் புடைத்து நுரையாக நிற்கும். அதை அகப்பையால் வழித்து அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பதுதான் வழக்கம். ஏலின் ருசிக்கு அந்த ஈஸ்ட்தான் ஆதாரம். ஆனால் வழிக்கவேண்டிய இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வாயுவும் மிக வேகமாக வருகிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு, நுரைக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே குளம்போலத் தேங்கி நிற்கும். குனிந்து வழிப்பவர் முகம் நேராக அந்தக் குளத்துக்குள் போகிறது. எனவே நீண்ட காம்புள்ள அகப்பை வேண்டும், நிமிர்ந்து நின்று வழிக்க வேண்டும், தலை விளிம்புக்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. அடர்த்தி பார்க்கச் சாறு எடுப்பதற்கும் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் வைத்துவிட்டால், எட்டிப் பார்க்கும் தேவையே பாதி குறைந்துவிடும்.

பிரிட்டனில் வேலையிடக் காற்றில் இந்த வாயுவுக்கு விதித்த வரம்பு: எட்டு மணி நேரச் சராசரி 0.5%, பதினைந்து நிமிடச் சராசரி 1.5%. வெளிக்காற்றில் இருப்பது 0.04% அளவுதான். 3 முதல் 5% வரை போனால் மூச்சிரைக்கும், தலை வலிக்கும். 10% தாண்டினால் ஓரிரு நிமிடத்தில் நினைவு தப்பும். ஆக்ஸிஜன் குறைவதால் மட்டும் வரும் மயக்கம் என்று இதை நினைப்பது தவறு. கரியமில வாயு தன்னளவிலேயே ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி மனிதனைச் சாய்க்கும்.

இந்தத் தவறான எண்ணத்தால்தான் பல ஆலைகளில் ஆக்ஸிஜன் மீட்டரை மட்டும் வாங்கி மாட்டிவைத்திருக்கிறார்கள். காற்றில் ஆக்ஸிஜன் 20.9%. அதில் 5% கரியமில வாயு கலந்தால் ஆக்ஸிஜன் 19.9% ஆகும். மீட்டரின் எச்சரிக்கை மணி வழக்கமாக 19.5%இல்தான் அடிக்கும். வரம்பைப்போலப் பத்து மடங்கு வாயு அறையில் நிற்கும்போதும் அந்தக் கருவி வாய் திறக்காது. கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் மீட்டர் தேவை. நம் ஊரில் தூர் வாரக் கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கத்துக்கும் இதே குறைதான். மனிதன் மயங்கிவிழும் அளவிலும் சுடர் எரிந்துகொண்டிருக்கக்கூடும். விளக்கு எரிகிறது என்று இறங்கியவர்களை எந்த விளக்கும் காப்பாற்றாது. மூக்கையும் நம்ப முடியாது. வாயுவுக்கு மணமில்லை. சோடாவை மோந்தால் சுள்ளென்று ஏறுமே, அந்தக் காட்டம் தெரிகிறதென்றால் ஏற்கெனவே மிக அதிகமான வாயுவுக்குள் முகம் இருக்கிறது என்று பொருள்.

மீட்டரின் உணர்வியைத் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். அளவைக் காட்டும் திரை கதவுக்கு வெளியே இருக்க வேண்டும்; உள்ளே போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்? காற்றை வெளியே தள்ளும் விசிறியும் தரையோரத்தில்தான் வேண்டும். கூரையருகே வைத்த விசிறி வெதுவெதுப்பான நல்ல காற்றை வெளியே துரத்திவிட்டு, கீழே தேங்கியதை அப்படியே விட்டுவிடும். குளிர்காலத்தில் தொட்டியின் சூடு குறையாமல் இருக்கக் கதவையும் சன்னலையும் அடைத்துவைப்பார்கள். தடித்த கற்சுவர் கொண்ட பழைய கட்டடங்களில் அந்த மாதங்கள்தான் மோசமானவை.

பீரைப் பீப்பாய்க்கு மாற்றியபின் காலியான தொட்டியைப் பார்த்தால் வேலை முடிந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது காலியாக இல்லை. வாயு தொட்டித் தண்ணீர்போல மணிக்கணக்கில் உள்ளேயே நிற்கும். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டல் மேலும் கொஞ்சம் விட்டுக்கொண்டிருக்கும். பிரஷ்ஷும் வாளியுமாக உள்ளே இறங்கித் தேய்ப்பது பழைய பழக்கம். அதை விட்டே ஆகவேண்டும். அடிவால்வைத் திறந்துவிட்டால் வாயு தானாக இறங்கிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அது தரைக்கு இறங்கி, சாக்கடை வழியாகத் தாழ்வான அடுத்த அறைக்குப் போகும். தொட்டியைத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி, பின் வடித்தால் வாயு மேலே தள்ளப்பட்டு, வடியும் தண்ணீரின் இடத்தில் புதுக்காற்று இறங்கும். அந்த நேரம் முழுக்க விசிறி ஓட வேண்டும், மேலே நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்குப் பிறகும் கழுவும் வேலையை வெளியிலிருந்து நீர்பீச்சும் உருண்டையால் செய்வதே நல்லது. ஆள் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், பிரிட்டனின் 1997ஆம் ஆண்டு அடைபட்ட இடங்கள் விதிகளின் கீழ் எழுதிவைத்த முறையும், மேலே காவலுக்கு ஓர் ஆளும், மீட்கும் ஏற்பாடும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

காஸ்டிக் சோடாவால் கழுவுகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. வாயு நிறைந்த மூடிய தொட்டிக்குள் காஸ்டிக்கைப் பீச்சினால் அது வாயுவை உறிஞ்சிச் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். ஒரு கிலோ காஸ்டிக் சுமார் 300 லிட்டர் வாயுவை விழுங்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேல்வால்வு மூடியிருந்தால் எஃகுத் தொட்டி கசக்கிய டப்பாபோல உள்வாங்கும். தொட்டி தப்பினாலும் கரைசல் வலுவிழந்துவிடும். கழுவியதாக நினைத்த பரப்பில் அழுக்கு இருக்கும், அடுத்த காய்ச்சல் புளிக்கும். முதலில் நன்றாகக் காற்றோட்டம் விட்டு, மேல் திறப்பைத் திறந்துவைத்து, பிறகே காஸ்டிக். கரைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பழைய அலுமினியப் பீப்பாய்களைக் காஸ்டிக் அரித்துவிடும். அவற்றுக்கு வேறு கழுவி வாங்குங்கள்.

மரபான ஏல் பீப்பாய்க்குள்ளும் உயிரோடிருந்து நொதிக்கும். 9 காலன், அதாவது சுமார் 41 லிட்டர் கொள்ளும் ‘ஃபர்கின்’தான் பப்களுக்கு, அதாவது மதுக்கடைகளுக்கு, போகும் வழக்கமான அளவு. அதில் நொதிக்க வேண்டிய அடர்த்தி ஒன்றிரண்டு புள்ளி (தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று கொண்டால் ஒரு புள்ளி என்பது 1) மீதமிருக்கையில் அடைத்தால் இதமான நுரை வரும். அவசரப்பட்டு ஐந்தாறு புள்ளி மீதமிருக்கையிலேயே அடைத்தால் தொந்தரவு. ஒரு புள்ளி நொதித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் வாயு வரும். ஐந்து புள்ளி என்றால் ஒரு ஃபர்கினில் 200 கிராம், வெளியே விட்டால் 100 லிட்டருக்கு மேல். பக்கவாட்டு அடைப்பின் நடுவில் ஆப்பு அறைந்து திறக்கும்போது பீரும் வாயுவும் பீறிட்டு அடிக்கும். முகத்தை நேரே வைக்காமல், பழைய துணி போர்த்தி, நுண்துளையுள்ள மூங்கில் ஆப்பைச் செருகி மெல்ல மூச்சுவிடச் செய்யுங்கள். நுரை அடங்கியபின் கெட்டியான மர ஆப்பு. பப்பின் நிலவறை 11 முதல் 13 டிகிரிக் குளிர் போய்விடாமல் இறுக மூடியிருக்கும். அங்கே ஒரே காலையில் பத்துப் பீப்பாய்களைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்துவது ஆபத்து. வாயு சிலிண்டரும் அதே அறையில் இருந்தால் அதன் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பாருங்கள்.

ஒருவர் தொட்டிக்குள்ளோ நிலவறையிலோ விழுந்து கிடப்பதைப் பார்த்தால் கால் தானாக ஓடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டில் தூக்கிவிடலாம் என்றுதான் தோன்றும். எடையைத் தூக்கும் முயற்சியில் அந்த மூச்சு வெகுநேரம் நிற்காது. இரண்டாவது ஆளும் அப்படித்தான் விழுகிறார். வெளியிலிருந்தே கதவுகளைத் திறந்துவிட்டு, விசிறியைப் போட்டு, பிரிட்டனின் அவசர உதவி எண்ணான 999ஐ அழைத்து, கரியமில வாயு என்ற சொல்லை முதலிலேயே சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் காற்றுச் சிலிண்டரோடு இறங்குவார்கள். முகத்தில் மாட்டும் தூசு வடிகட்டி, ரசாயன வடிகட்டி எதுவும் இந்த வாயுவைத் தடுக்காது. ஆலையில் முகமூடி தொங்குகிறதென்றால், இதற்கு அது உதவாது என்று அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.