கல்லாவில் இருப்பதெல்லாம் உங்கள் பணம் இல்லை

இந்த மாதமும் ஒரு கடைக்காரர் அதே புலம்பலோடு வந்து உட்கார்ந்தார். "வியாபாரம் நல்லாத்தான் சார் ஓடுது, கையில காசுதான் நிக்க மாட்டேங்குது." செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, குகை என்று சேலத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இந்த வாசகம் மட்டும் மாறுவதில்லை. கணக்கு எழுதுவதும் வரி தாக்கல் செய்வதும் என் தொழில். வருகிறவர்கள் வாஸ்து பார்த்திருக்கிறார்கள், ஜாதகம் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாத வரவு செலவைத் தாளில் எழுதிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் கணக்கையே இங்கே போடுகிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். மளிகைக் கடை. ஒரு நாளைக்கு 12,000 ரூபாய் விற்பனை, மாதத்துக்கு 3,60,000. சரக்கு வாங்கிய விலை போக நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 43,200 ரூபாய். அதில் வாடகை 12,000, கரண்ட் 4,000, கடைப் பையன் சம்பளம் 12,000, வண்டி, பை, சில்லறைச் செலவு 3,000. மீதி 12,200. அந்தக் குடும்பம் கல்லாவிலிருந்து எடுப்பதோ நாளுக்கு ஆயிரம், மாதம் 30,000. ஆக, மாதாமாதம் 17,800 ரூபாய் முதலிலிருந்து போகிறது. ஒரு வருடத்தில் 2,13,600. அது யார் பணம்? லீ பஜாரில் சரக்கு கொடுக்கிற மண்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி.

இதைச் சொன்னதும் அவர் கேட்டார், "அதெல்லாம் ரொட்டேஷன்ல ஓடுது சார், தினமும் பன்னெண்டாயிரம் வருதே?" என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது இதுதான். பன்னிரண்டாயிரம் வருகிறது, சரி. அதில் பத்தாயிரத்துக்கு மேல் நாளைய அரிசிக்கும் எண்ணெய்க்கும் உரியது. உங்கள் கையைக் கடந்து மண்டிக்குப் போகிற பணம் அது. கல்லா நிறைந்திருப்பதைப் பார்த்து ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறீர்கள், மொய் எழுதுகிறீர்கள், வண்டிக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். அன்று ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்து அலமாரியில் சரக்கு மெலியும். கேட்ட சோப்பு இல்லை என்று இரண்டு முறை திரும்பிய வாடிக்கையாளர் மூன்றாவது முறை வர மாட்டார். அப்போது விற்பனை எட்டாயிரத்துக்கு இறங்கும். வாடகை இறங்காது. விற்பனை கூடினால் எல்லாம் சரியாகும் என்பதும் இதே தவறுதான். கடன் கொடுத்தும் விலையைக் குறைத்தும் விற்பனையை ஏற்றினால் பள்ளம் இன்னும் வேகமாகத் தோண்டப்படும்.

அப்புறம் தண்டல் வருகிறது. கையில் 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குகிறார்கள். "ஆயிரத்து ஐநூறுதானே சார்" என்கிறார்கள். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், சராசரியாக அந்தப் பணத்தில் பாதிதான் நூறு நாளும் உங்களிடம் இருக்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். நூற்றுக்குப் பன்னிரண்டு நிற்கிற மளிகையில் அந்த வட்டியை எதிலிருந்து கட்டுவீர்கள்?

வங்கிக்குப் போகலாமே என்றால், கொடுக்க மாட்டார்கள் என்பது பதில். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் முத்ரா திட்டம் 2015 முதல் இருக்கிறது. 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், அடமானம் இல்லாமல். ஆனால் மேனேஜர் முதலில் கேட்பது கணக்கு. கடைப் பணம் மனைவியின் சேமிப்புக் கணக்கிலும் தம்பியின் கூகுள் பேயிலும் பிரிந்து கிடந்தால் அவர் எதைப் பார்த்துக் கொடுப்பார்? கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்குங்கள். கியூஆர் அட்டையை அதற்கு மாற்றுங்கள். இந்த வாரமே.

கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வியாபாரி கொடுத்த வெள்ளிக்கட்டி உங்கள் முதல் அல்ல. உங்களுடையது கூலியும் பேசிய சேதாரமும்தான். அவசரத்துக்கு அதில் கொஞ்சம் விற்றுச் சமாளித்தால் நீங்கள் பட்டது ரூபாய்க் கடன் இல்லை, கிராம் கடன்; விலை ஏறினாலும் அத்தனை கிராமையும் திருப்பித் தர வேண்டும். 2025-ல் வெள்ளி ஏறிய ஏற்றத்தில் அப்படி மாட்டிக்கொண்டு கண் கலங்கியவர்களைப் பார்த்தேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். உங்கள் கூலிப் பாக்கி இழுத்துக்கொண்டே போனால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கைகொடுக்கும். பதிவு இருந்தால், அதற்கு மேல் நாள் கொடுத்து எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தாலும் வாங்குகிறவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. இதற்குப் போய் ஆயிரம் ரெண்டாயிரம் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

ஏற்காட்டில் ஏரி ஓரம் கடை வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. கோடை விழா நடக்கும் மே மாதத்து வரவைப் பார்த்து வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் வண்டியே குறைவு. மே மாத வரவை அந்த மாதத்துக்கே உரியது என்று எண்ணாமல், மந்தமான மாதங்களின் வாடகையை முதலில் ஒதுக்கிவிட்டுச் செலவு செய்யுங்கள்.

ஜிஎஸ்டி பற்றிச் சுருக்கமாக. மேலே சொன்ன மளிகைக்காரருக்கு வருட விற்பனை 43,20,000. பொருள் விற்பவர்கள் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய வரம்பு 40 லட்சம். அவர் தாண்டியதே அவருக்குத் தெரியாது. சிறு வியாபாரிகளுக்கான எளிய முறையான காம்போசிஷனில் வரியுள்ள பொருட்களின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். அதைப் பில்லில் தனியாக வசூலிக்கக் கூடாது. சாதாரண முறையில் இருப்பவர்கள் வசூலித்த வரியைச் செலவழித்துவிட்டு, அதைக் கட்ட வேண்டிய 20-ஆம் தேதி விழிக்காதீர்கள். தாமதத்துக்கு வருடம் 18 சதவீத வட்டி.

கடைசியாக, உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் வையுங்கள். அந்த மளிகைக்காரர் தன் வீட்டுக்கு மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது. அது போதாது என்றால், அந்த உண்மை இன்றைக்கே தெரியட்டும். பையனை மாலை நேரத்துக்கு மட்டும் வைக்கலாம், காலை ஆறு மணிக்கு முதலாளியே ஷட்டரைத் தூக்கலாம், லாபம் கூடுதலாக நிற்கிற பொருட்களைச் சேர்க்கலாம். பத்து மணிக்கு வந்து உட்காருவதற்குப் பெயர் முதலாளித்தனம் என்று யார் சொன்னது? தொகையைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். வீட்டுச் செலவு உண்மையில் எவ்வளவு என்று வீட்டம்மாவுக்குத்தான் தெரியும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏற்கெனவே தண்டலில் மூழ்கியிருந்தால் ஒளிக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்துத் தண்டலை அடைத்துவிடுங்கள், அந்த வட்டி இதில் ஒரு சிறு பங்குதான். வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் பயந்து ஊரை விட்டுப் போக வேண்டாம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலோ எழுத்தில் புகார் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.