ஊருக்குப் போகணுமாம்

மூணாறு பக்கம் ஒரு லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பேட்டிக்காக உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்டரைப் பார்த்ததும் பாட்டி சொன்னார்: "போன தடவை வந்த பிள்ளைகிட்ட எல்லாம் சொல்லிட்டேனே பாப்பா. அதுகிட்ட வாங்கிக்கயேன்."

நியாயம்தான். 2015 செப்டம்பரில் தோட்டப் பெண்கள் போனஸும் கூலியும் கேட்டு நடத்திய பொம்பிளை ஒருமைப் போராட்டம், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு. ஒவ்வொன்றுக்குப் பிறகும் எங்களைப் போன்ற ஆய்வாளர்கள் மலையேறி, கேட்டதையே கேட்டோம். அந்தப் பேச்செல்லாம் யார் யாருடைய ஹார்டு டிஸ்கிலோ தூங்குகிறது.

பாட்டி சொன்னபடியே செய்தேன். போராட்டத்துக்குப் பின் போனஸ், கூலி பற்றி ஒரு குழு எடுத்த பேட்டிகளை வாங்கினேன். என் கேள்வி வேறு: ரிட்டையரானால் லயத்தைக் காலி செய்ய வேண்டியவர்கள் எங்கே போக நினைக்கிறார்கள்? கைக்கு வந்தது பேச்சை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதிய படி. அதில் ஒரு அக்கா, சொந்த ஊருக்குப் போக வேண்டும் என்கிறார். 'திரும்ப விருப்பம்' என்று குறித்துக்கொண்டேன். நாலு வரி தள்ளி, அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்கிறார். இடித்தது.

ஒலிப்பதிவைக் கேட்டேன். "ஊருக்குப் போகணுமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். யாரோ அவரைப் போகச் சொல்லியிருக்கிறார்கள்! அந்த 'ஆம்' உதிர்ந்ததில் அர்த்தமே கவிழ்ந்துவிட்டது. சொன்னது மேனேஜரா, மகனா? பேட்டி எடுத்தவரின் குறிப்பேடு கிடைக்கவில்லை. அதனால் அந்த வரியை நான் பயன்படுத்தவே இல்லை.

பழைய பேட்டியை வாங்குபவர்கள் ஒலியையும், கேள்வித்தாளையும், களக்குறிப்பையும் சேர்த்தே கேளுங்கள். பிரிட்டனில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1994-லேயே இப்படிப்பட்ட பேட்டித் தரவுகளைப் பாதுகாத்துப் பகிரவென்று 'குவாலிடேட்டா' என்ற மையத்தைத் தொடங்கினார்கள். நாம் இன்னும் பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் சம்மதம். கூலி பற்றிப் பேசச் சம்மதித்தவர், குடும்பச் சண்டையை நான் எடுத்து எழுதவும் சம்மதித்ததாக ஆகிவிடாது. பெயரை மாற்றினால் போதும் என்பதும் லயத்தில் செல்லாது. 70 பேரைப் பறிகொடுத்த பெட்டிமுடியில், ஒருவர் யார் யாரை இழந்தார் என்று எழுதினாலே போதும், மலை முழுக்க ஆளைச் சொல்லிவிடும்.

இப்போது ரெக்கார்டரை அணைக்கும் முன் ஒன்று கேட்கிறேன்: "நாளைக்கு வேறொருத்தர் வேற விஷயத்துக்காக இதைக் கேட்கலாமா?" கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா யோசித்துச் சொன்னார்: "கேட்கட்டும். சூப்பர்வைசரைப் பத்திச் சொன்னத மட்டும் அழிச்சிரு." அவர் முன்னாலேயே அழித்தேன். சரியாக அழிந்ததா என்று ஒரு தரம் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் டீ போட எழுந்தார்.