மீநுண்துகள் புற்றுத் தடுப்பூசி: சொல் விளக்கம்

‘நானோ பார்ட்டிகிள் கேன்சர் வாக்சின்’ என்பதைத் தமிழில் ‘மீநுண்துகள் புற்றுத் தடுப்பூசி’ எனலாமா? முதலில் ‘வாக்சின்’. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் எட்வர்டு ஜென்னர், ஒரு பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை ஒரு சிறுவனுக்குக் கீறி ஏற்றி, பெரியம்மையைத் தடுக்க முடியும் என்று காட்டினார். ‘வாக்சின்’ அதிலிருந்து வந்தது. மற்ற நோய்களுக்கான மருந்துக்கும் அதே பெயர் இருக்கட்டும் என்று ஜென்னரின் நினைவாகச் சொன்னவர் லூயி பாஸ்டர். ஆக, மூலச்சொல்லில் மாடு உண்டு. தடுப்பும் இல்லை, ஊசியும் இல்லை. நம்மவர்கள் முதலில் ‘அம்மை குத்துதல்’, ‘அம்மைப்பால்’ என்றார்கள். பிறகு வந்த ‘தடுப்பூசி’ நிலைத்துவிட்டது.

நீலகிரிக்காரர்களுக்குத் தடுப்பூசி என்றாலே குன்னூர்தான். சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே உள்ள பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கியது. நாய்க்கடி ஊசிக்குப் பேர்போனது. அந்த ஊசியை நாய் கடித்த பிறகுதான் பெரும்பாலும் போடுகிறோம். ஆனாலும் நோய் தலைகாட்டுமுன் முந்திக்கொள்வதால் ‘தடுப்பு’ பொருந்துகிறது. கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் ஹெச்பிவி என்ற வைரஸுக்கு எதிரான ஊசியும் நோய்க்கு முந்திக்கொள்வதுதான். அதில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் தானாகக் கூடிக் கட்டிக்கொண்ட வெற்றுக் கூடு, குறுக்களவு சுமார் 55 நானோமீட்டர். உள்ளே மரபுப்பொருள் கிடையாது, அதனால் தொற்றும் வராது. அதுவே ஒரு நானோதுகள்தான்!

புற்று வந்துவிட்டவருக்குப் போடும் ஊசியில்தான் பெயர் இடறுகிறது. கட்டியின் அடையாளப் புரதத்தையோ, அதைச் செய்யச் சொல்லும் மரபுச் செய்தியான எம்ஆர்என்ஏவையோ நானோதுகளுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள். வெறும் எம்ஆர்என்ஏவை உடலின் நொதிகள் சீக்கிரமே சிதைத்துவிடும். கொழுப்பாலான துகள் அதைக் காக்கிறது. துகள் சுமார் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் நிணநீரோடு நிணநீர்க் கணுக்களுக்கே போய்ச் சேரும். அங்கே உடலின் காவலாளிகளான கிளைச்செல்கள் அதை விழுங்கி, எதிர்த்துப் போராடும் டி செல்களுக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும். இவ்வகை ஊசிகளில் பெரும்பாலானவை இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன. இதையும் தடுப்பூசி என்றால், ‘போட்டுக்கொண்டால் புற்று வராதா?’ என்றுதானே கேட்பார்கள்? ‘எதிர்ப்பூசி’ என்றால் அந்தக் குழப்பம் வராது. ஹெச்பிவிக்குத் தடுப்பூசியே இருக்கட்டும்.

‘நானோ’ கிரேக்கத்தில் குள்ளனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அளவில், நூறு கோடியில் ஒரு பங்கு. ‘நுண்துகள்’ என்று மட்டும் எழுதினால், அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய மைக்ரோவோடு கலந்துவிடும். ‘மீநுண்துகள்’ சரியான சொல். பேச்சில் நானோதுகள் என்றாலும் தப்பில்லை, எல்லோருக்கும் புரிகிறது.